அக்டோபர் ஒன்று வரை ஒரு பிழை

எங்கள் அலுவலகத்தில் பிழைகளுக்கு நான்கு வகுப்பு உண்டு. முதல் வகுப்புப் பிழை வந்தால் செயலி படுத்துக்கொள்ளும், நாங்கள் எழுந்துகொள்வோம். இரண்டாம் வகுப்புக்கு வாடிக்கையாளர் கத்துவார். மூன்றாம் வகுப்புக்கு முனகுவார். நான்காம் வகுப்புப் பிழை இருப்பதே வாடிக்கையாளருக்குத் தெரியாது. அது அதைக் கண்டுபிடித்த டெஸ்டருக்கும் அதைத் தள்ளிப்போடும் மேனேஜருக்கும் இடையிலான குடும்ப விவகாரம்.

முதல் வகுப்புக்கென்று ஒப்பந்தத்தில் தனி அத்தியாயமே இருந்தது. நான் சேர்ந்த மூன்று மாதத்தில் அப்படி ஒன்று வரவே இல்லை. அதனால் அந்த அத்தியாயத்தை நான் படிக்கவும் இல்லை. இது பின்னால் தேவைப்படும்.

இடம் டெக்சஸில் பிளானோ. லெகசி சாலைப் பக்கம் ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்தது போல நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்று, மூன்றாம் மாடி. நாங்கள் செய்துகொண்டிருந்தது டெக்சஸ் முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு செல்லப்பிராணி மருத்துவமனைக்கான செயலி. நாய், பூனை, கிளி, ஆமை எதுவானாலும் அதில் பதிவு செய்து டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கலாம். தாம்பரத்தில் இருக்கும் அம்மாவிடம் இதை விளக்கியபோது, எம்.எஸ். படித்தது நாய்க்கு டோக்கன் போடவா என்று கேட்டாள். நான் பூனைக்கும் சேர்த்துத்தான் என்றேன். அதன் பிறகு அவள் சொந்தக்காரர்களிடம் நான் மருத்துவத் துறையில் இருப்பதாகச் சொல்லிவருகிறாள்.

குழுவில் ஆறு பேர். இந்தக் கதைக்கு மூன்று பேர் போதும்.

முதலாமவர் மேனேஜர் நஞ்சப்பன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், நாற்பத்தேழு வயது. நான் சேர்ந்த அன்று மரியாதையாக அங்கிள் என்று கூப்பிட்டேன், அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. அண்ணா என்று மாற்றிக்கொண்ட பிறகு உறவு சீரானது. பிழைகளை மூடுவதில் அவர் மன்னன். டெஸ்டர் எழுதி அனுப்பும் சின்னப் பிழைகளைப் புதன்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து, 'திருத்த வேண்டியதில்லை' என்று மூடி, கீழே ஒரு வரிக் காரணம் எழுதுவார். அந்த ஒரு வரிகளைத் தொகுத்தால் தனிப் புத்தகம் வரும்.

இரண்டாவது ரெபெக்கா அக்கா, டெஸ்டர். நாகர்கோவில். நிஜ நாயைக் கண்டால் நடைபாதை மாறிப் போகிறவள். ஆனால் சோதனைக்காகச் செயலிக்குள் ஒரு பண்ணையே வளர்த்துவந்தாள். நாயின் பெயர் புட்டு, பூனை கடலை, ஆமை அவியல். மதியம் சாப்பாட்டு டப்பாவில் எனக்கென்று தனிப் பங்கு கொண்டுவருவாள். நான் டப்பாவை அலம்பாமல் திருப்பிக் கொடுப்பேன். அதை அவள் இரண்டாம் வகுப்புப் பிழையாக வைத்திருந்தாள்.

மூன்றாவது நான், மகிழன். நிரல் எழுதுகிறவன். இந்தக் கதையில் நடந்த ஒரே தவறு என்னுடையது.

செப்டம்பர் பாதியில் அக்காவுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்டோபர் பதினொன்று என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தார். ஆபீஸில் ஒரு வெள்ளிக்கிழமை கேக் வெட்டி விழா வைத்தார்கள். ஆளாளுக்கு டயப்பர் பெட்டியும் குட்டிச் சட்டையும் கொண்டுவந்து அடுக்கினார்கள். நான் மறந்துபோய் வெறுங்கையோடு நின்றேன். அக்கா எனக்குத்தான் பெரிய கேக் துண்டாக வைத்தாள். அதையும் வாங்கித் தின்றேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

நான்காம் வகுப்பில் நாற்பத்தொரு பிழைகள் திறந்து கிடந்தன. எல்லாம் அக்கா கண்டுபிடித்தவை. விசித்திரம் என்னவென்றால், ஆகஸ்டிலிருந்து நஞ்சப்பண்ணா ஒன்றைக்கூட மூடவில்லை, திருத்தச் சொல்லவும் இல்லை. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, "போச்சாது, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று நகர்ந்துவிடுவார். அவர் ஊரில் போச்சாது என்றால் பரவாயில்லை. வயதாகிவிட்டது என்று நினைத்தேன். இத்தனையும் தலைமேல் கிடக்க, அக்கா எப்படி நிம்மதியாகப் பிள்ளை பெறப் போவாள்? மற்றவர்கள் டயப்பர் கொடுத்தார்கள். நான் பூஜ்யம் கொடுப்பதென்று முடிவு செய்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு பகலும் உட்கார்ந்தேன். ஆமையின் வயதுப் பட்டியல் முப்பதோடு நின்றுவிடுகிறது என்று ஒரு பிழை. ஆமை இருநூறு வரை போகட்டும் என்று நீட்டினேன். ஐந்து கிராம் கிளிக்குஞ்சின் எடை பூஜ்யம் என்று காட்டியது, அதற்கும் ஓர் எடை கொடுத்தேன். நேரம் உறுதியானதும் அழுகிற முகம் வருகிறது என்று ஒன்று, அதைச் சிரிக்கவைத்தேன். பூனையின் பிறந்தநாள் வாழ்த்தில் நாய்ப்படம் வருவதுதான் கடைசி. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திறந்த பிழைகள் பூஜ்யம். என்னை நானே முதுகில் தட்டிக்கொள்ள முயன்று தோள் பிடித்துக்கொண்டது.

திங்கள் காலை நஞ்சப்பண்ணா திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பாராட்டுக்காகப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இத்தனையும் நீயா பண்ணுனே?"

"ஆமாண்ணா. ரெண்டு நாள்தான் ஆச்சு."

"நாப்பத்தொண்ணுமா?"

"நாப்பத்தொண்ணும்."

அவர் எழுந்து கார் சாவியை எடுத்தார். டீ குடித்துவிட்டு வரலாம் என்றார். சுங்கச்சாலையில் பத்து நிமிடம் ஓட்டி, சமோசா விற்கும் இந்தியக் கடையில் நிறுத்தினார். பிரமோஷன் என்று நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன்.

டீ வந்த பிறகுதான் சொன்னார். எங்கள் ஒப்பந்தப்படி, திறந்த பிழை ஒன்றுகூட இல்லாத நாள்தான் இந்த வேலையின் கடைசி நாள். நாங்கள் ஐந்து பேரும் வேறு வேலைக்கு மாற்றப்படுவோம். ரெபெக்கா மட்டும் இந்த ஒரு வேலைக்கென்று எடுக்கப்பட்ட கான்ட்ராக்ட் ஆள். இது முடிந்தால் அவளும் முடிந்தாள். மருத்துவக் காப்பீடு அந்த மாதக் கடைசியோடு நின்றுபோகும். அவள் கணவர் ஜெஃப்ரினுக்கு ஜூனில் வேலை போய், இன்னும் இன்டர்வியூ போய்க்கொண்டிருக்கிறார். சொந்தச் செலவில் காப்பீட்டை நீட்டிக்க ஒரு வழி உண்டு, ஆனால் அந்த வழி அவர்கள் வீட்டு வாடகையைவிடப் பெரியது. அக்டோபர் ஒன்றாம் தேதி ஒரே ஒரு பிழை திறந்திருந்தால் போதும், அந்த மாதம் முழுக்கக் காப்பீடு உண்டு, பிரசவம் அதற்குள் வந்துவிடும். அதற்காகத்தான் ஆகஸ்டிலிருந்து இந்த அடுத்த வாரம், அடுத்த வாரம். இதை மெயிலில் எழுத முடியாது என்பதால் யாரும் எழுதவில்லை. மற்ற எல்லோருக்கும் பார்த்தே புரிந்திருந்தது.

"நீ பண்ணுனது ஒண்ணுகூடத் தப்பில்லடா கண்ணு," என்றார். "அதுதான் பிரச்சினை."

பிழைகள் பூஜ்யம் ஆனதும் வாடிக்கையாளருக்குத் தானாக ஒரு மெயில் போகும். போயிருந்தது. அங்கே எங்களுக்குப் பொறுப்பான டார்லீன் என்கிற அம்மா மூன்று ஆச்சரியக்குறி போட்டுப் பதில் அனுப்பியிருந்தார். ரெபெக்கா எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டால் இந்த வாரமே வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிடலாமாம். தேதி செப்டம்பர் இருபத்திரண்டு.

நான் சமோசாவைக் கீழே வைத்தேன். வேண்டுமானால் பழைய நிரலையே திரும்பப் போட்டு, நாற்பத்தொன்றையும் பழையபடி கெடுத்துவிடுகிறேன், ஒரு மணி நேரம் போதும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார்.

"இருக்கிறதை மெதுவாப் பாக்கறது வேற. இல்லாததை உண்டாக்கறது வேற. அது நமக்கு வேண்டாஞ்சாமி."

செவ்வாய்க்கிழமை அக்காவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எந்த நல்லெண்ணத்தில் செய்தேன் என்பதையும் சொன்னேன், அது இன்னும் மோசமாக ஒலித்தது. அவள் வயிற்றின் மேல் விசைப்பலகையை வைத்துத் தட்டிக்கொண்டே கேட்டாள். நஞ்சப்பன் செய்வது முதல் வாரமே தெரியும் என்றாள். சின்னப் பிழையைப் பார்த்ததும் மூடாமல் அந்த மனிதர் நகர்வது, பூனை பாலைப் பார்த்துவிட்டு நகர்வது மாதிரியாம். இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்றாள். என்மேல் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். என் வாழ்க்கையில் முதன்முறையாக என் நிரல் ஓடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஆமைக்கு நூற்றைம்பது வயது போட்டாள், ஏற்றுக்கொண்டது. கிளிக்குஞ்சுக்கு எடை வந்தது. ஒவ்வொன்றிலும் 'சரி' என்று அழுத்தினாள். ஒரே ஒரு முறை 'தவறு' என்று அழுத்தினால் அது திறந்த பிழையாகிவிடும். அதை இந்தக் கட்டடத்தில் யாரும் மறுபடி சோதித்துப் பார்க்கப் போவதில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு ஃபெயில்னு போட்டுருங்களேன். என் கோடு அவ்வளவு நல்லாவெல்லாம் இருக்காது."

"ஓடுதுல்லா. ஓடுறத ஓடலன்னு எப்டிலே எழுத?"

நாற்பது முடிந்தது. நாற்பத்தொன்று பூனைப் பிறந்தநாள். கடலையின் பிறந்தநாளை இன்றைய தேதிக்கு மாற்றினாள். அவள் சோதனை விலங்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே பிறந்தநாள் என்பதால் மற்றவையும் கூடவே மாறின. கடலைக்கு வாழ்த்து வந்தது, பூனைப்படத்தோடு. சரி. அடுத்த நொடியே இன்னொன்று வந்தது. இனிய பிறந்தநாள், புட்டு! உன்னைப் பார்த்து ரொம்ப நாளாச்சு, தடுப்பூசிக்கு எப்போ வர்றே?

அக்கா கையை எடுத்துவிட்டாள். புட்டுவை அவள் ஏப்ரலிலேயே 'இறந்துவிட்டது' என்று குறித்திருந்தாள்.

இந்தப் பிழைக்கான பழைய டிக்கெட்டை, அதாவது பதிவுச் சீட்டை, தேடி எடுத்தாள். ஏப்ரலில் அவளே எழுதியதுதான். பிராணி இறந்ததாக உரிமையாளர் குறித்த பிறகும் வாழ்த்தும் நினைவூட்டலும் போய்க்கொண்டே இருக்கின்றன. நஞ்சப்பண்ணா அதை நான்காம் வகுப்பில் போட்டு, 'திருத்த வேண்டியதில்லை' என்று மூடியிருந்தார். கீழே அவருடைய ஒரு வரி: இறந்த நாய் செயலியைத் திறக்காது.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இதோ ஓர் உண்மையான பிழை, யாரும் உண்டாக்கவில்லை, ஏப்ரலிலிருந்து இங்கேயேதான் இருக்கிறது. நாளைக்கே திறந்துவிடலாம். நான்காம் வகுப்பு என்பதால் யாரும் அவசரப்படமாட்டார்கள், அக்டோபர் என்ன, தீபாவளி வரைக்கும்கூடத் தள்ளலாம். ஆனால் வகுப்பை மட்டும் உயர்த்திவிடக் கூடாது. முதல் வகுப்பானால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் திருத்தியாக வேண்டும் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன், திருத்தினால் மறுபடியும் பூஜ்யம். இதையெல்லாம் நான் விரல்விட்டு விளக்க விளக்க, அவள் புட்டுவுக்கு வந்த வாழ்த்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பிள்ளை உண்டாயிருந்துச்சு மக்கா," என்றாள். "மூணாம் மாசம் போயிட்டு. போன்ல ஒரு ஆப் வச்சிருந்தேன். பிள்ளை இல்லன்னு அதுல போட்டேன். பொறவும் வாராவாரம் மெசேஜ் வரும். இந்த வாரம் எலுமிச்சம்பழம் அளவு, இந்த வாரம் மாம்பழம் அளவுன்னு."

அந்தச் செயலியை அழித்திருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது.

"அழிக்கலாம். கை வரல. வாரா வாரம் தொறந்து பாப்பேன்."

நான் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அலம்பி வந்து வைத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

புதன்கிழமைக் கூட்டம். சுவர்த்திரையில் டார்லீன், பேனாவோடு. இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேர். புட்டு விவகாரம் காலையிலேயே எல்லோருக்கும் பரவியிருந்தது, ஆளாளுக்கு ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். வாய் நிறைய நான்காம் வகுப்பு. நஞ்சப்பண்ணா தானே அந்தப் பழைய டிக்கெட்டைத் திறந்தார். அவர் மூடிய ஒன்றை அவரே மறுபடி திறந்து நாங்கள் பார்த்ததில்லை. மூடியது என் தவறு என்று டார்லீனிடம் ஆங்கிலத்தில் சொன்னார், செருப்பு கடித்த காலோடு நடப்பது போலச் சொன்னார்.

டார்லீன் நேராக ரெபெக்காவிடம் கேட்டார். கண்டுபிடித்தது நீதானே, இதற்கு என்ன முன்னுரிமை கொடுக்கலாம்?

எல்லோரும் அவளைப் பார்த்தோம். நான் மேசைக்கு அடியில் நான்கு விரலைக் காட்டினேன். அவள் பார்த்தாள்.

"பி-ஒன்," என்றாள். அதாவது முதல் வகுப்பு.

யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள், நானாகத்தான் இருக்கும். நாய் செயலியைத் திறக்காது, நாயை வளர்த்தவர் திறப்பார் என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னாள். இன்றைக்கு யாருக்காவது அந்த வாழ்த்து போயிருக்கும், நாளைக்கு இன்னொருவருக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் சொன்னாள். தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

டார்லீன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு, தன்னிடம் ஒரு பூனை இருந்தது என்றும், மாதாமாதம் அதற்கு நினைவூட்டல் வருகிறது என்றும், தான்தான் ஏதோ பொத்தானை அழுத்த மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். முதல் வகுப்பு, இன்றைக்கே திருத்துங்கள் என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நஞ்சப்பண்ணா மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய்த் திருத்தினேன். உண்மையில் ஒரே ஒரு வரி. செய்தி அனுப்புவதற்கு முன், இந்தப் பிராணி உயிரோடு இருக்கிறதா என்று கேள். அதைக் கேட்கத்தான் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எழுபது நிமிடத்தில் முடிந்தது. எழுபதையும் நீட்டிப் பார்த்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி குடித்தேன். ஆனால் யாரோ ஒருவர் நாளைக்கு அந்தச் செயலியைத் திறப்பார் என்பது மண்டைக்குள் இருந்துகொண்டே இருந்தது. வியாழன் காலை திருத்தம் டெக்சஸ் முழுக்கப் போய்விட்டது. புட்டுவுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. அக்கா 'சரி' என்று அழுத்தினாள். திறந்த பிழைகள் பூஜ்யம். செப்டம்பர் இருபத்தைந்து.

பத்து மணிக்கு டார்லீன் கையெழுத்துப் போட மறுபடி திரையில் வந்தார். நஞ்சப்பண்ணா கையில் ஒப்பந்தத்தை அச்செடுத்து வைத்திருந்தார். அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டு.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பித்தார். முதல் வகுப்புப் பிழை ஒன்று திருத்தப்பட்டால், அதற்குப் பிறகு பதினான்கு நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். அந்த நாட்களில் வேலை முடிந்ததாகக் கருதப்படாது. கண்காணிப்பவர், பிழையைக் கண்டுபிடித்தவராகவே இருக்க வேண்டும். வரிக்கு வரி வாசித்தார், பள்ளிக்கூடப் பையன் வாசிப்பது போல விரலை வைத்து.

டார்லீன் காலண்டரைப் பார்த்தார். அப்படியானால் அக்டோபர் ஒன்பது என்றார். ஒன்றாம் தேதியைத் தாண்டிவிட்டது. பிறகு ரெபெக்காவைப் பார்த்து, உனக்கு எப்போது தேதி என்று கேட்டார். பதினொன்று என்றாள் அக்கா. டார்லீன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விதி என்றால் விதிதான் என்றார்.

திரை அணைந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அக்கா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். நஞ்சப்பண்ணா டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, அது தானாக நகர்ந்த மாதிரி வேறெங்கோ பார்த்தார். இந்த விதி முன்பே தெரியுமா என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"எழுதுனதே நாந்தான். நாலு வருசம் ஆச்சு, சுத்தமா மறந்துபோச்சு. அந்தப் புள்ள பி-ஒன்னு சொன்னப்பத்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு." கொஞ்சம் நடந்துவிட்டு, "பி-ஃபோர்னு சொல்லியிருந்தா வந்திருக்காது," என்றார்.

அன்று மாலை அந்த டிக்கெட்டைத் திறந்து பார்த்தேன். எங்கள் அமைப்பில் எழுதியதை அழிக்க முடியாது. 'இறந்த நாய் செயலியைத் திறக்காது' என்பது அப்படியே இருந்தது. அதன் கீழே புதிதாக ஒரு வரி: தப்பு. திறக்கிறவங்க இருக்காங்க. நஞ்சப்பன்.

அக்டோபர் எட்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. கண்காணிப்பு ஒன்பதாம் தேதியோடு முடிந்துவிட்டாலும், கண்டுபிடித்தவர் வந்து டிக்கெட்டை மூட வேண்டும். டார்லீன் கேட்கவே இல்லை. நஞ்சப்பண்ணாவும் அவசரப்படவில்லை. பதினான்காம் தேதி காலையில்தான் அது மூடப்பட்டது. கீழே அக்கா எழுதியிருந்தாள்: பதினான்கு நாளும் பார்த்தேன். யாருக்கும் எந்தச் செய்தியும் போகவில்லை.

அதை நான் மூன்று முறை படித்தேன்.

நான்காவது முறை படிக்கும்போது திரையின் ஓரத்தில் புதிதாக ஒரு டிக்கெட் வந்து விழுந்தது. எழுதியவர் ரெபெக்கா. முன்னுரிமை நான்கு. என் பெயருக்கு அனுப்பியிருந்தாள். சோதனைப் பண்ணையில் புதிதாக ஒருத்தியைச் சேர்த்து எடையைப் பதிவு செய்யப் பார்த்தாளாம். ஆறு பவுண்டு போகிறது, பதினொரு அவுன்ஸ் போகவில்லை, அவுன்ஸ் கட்டத்தில் ஓர் இலக்கம்தான் ஏற்கிறது. படத்தையும் இணைத்திருந்தாள். பெயர், எலிசா. இனம் என்ற இடத்தில் நாய், பூனை, கிளி, ஆமை எதுவும் பொருந்தாததால் 'மற்றவை'.

நான் பார்த்தேன். உண்மையான பிழைதான், யாரும் உண்டாக்கவில்லை. ஓர் எண்ணை மாற்றினால் சரியாகிவிடும், இரண்டு நிமிட வேலை. அக்டோபரில் இன்னும் பதினேழு நாள் இருந்தது, நவம்பர் ஒன்றிலும் இது திறந்திருந்தால் அந்த மாதமும் காப்பீடு உண்டு. ஜெஃப்ரின் அண்ணனுக்கு அடுத்த வாரம் கடைசிச் சுற்று இன்டர்வியூ.

நஞ்சப்பண்ணா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவரும் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"போச்சாது," என்றார். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

நான் மெதுவாக அந்தக் கோப்பைத் திறந்து, மேலிருந்து முதல் வரியைப் படிக்க ஆரம்பித்தேன். பதினோராயிரம் வரிகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் படிப்பதுதான் முறை.